கொள்ளை நோய் வந்த நாளில் தேவாலயக் கதவு

கொள்ளை நோய் பரவும் காலத்தில் ஒரு வழிபாட்டு இல்லம் மக்களுக்கு எந்த வகையில் துணை நிற்க முடியும்? மேலோட்டமாகப் பார்த்தால் இது எளிய கேள்வி. "பிரார்த்தனை செய்யலாம், உதவிப் பொருள் கொடுக்கலாம்" என்று உடனே பதில் வந்துவிடும். ஆனால் தொற்று நோய்க்கு ஒரு கொடிய குணம் உண்டு. மனிதர்கள் ஒன்றுகூடும் இடத்தைத்தான் அது முதலில் தேடி வரும். தேவாலயம் என்பதோ ஒன்றுகூடுவதற்கென்றே கட்டப்பட்ட இடம். ஆகவே, மக்களைக் காப்பாற்ற வேண்டுமானால் தேவாலயம் முதலில் தன் கதவைச் சாத்த வேண்டும். கதவைச் சாத்திய பிறகு அது என்ன செய்கிறது என்பதில்தான் அதன் உண்மையான சோதனை இருக்கிறது.

கெடா மாநிலத்தின் தோட்டங்களும் பட்டணங்களும் இந்தச் சோதனையைக் கடந்த நூற்றாண்டில் ஒரு முறையும், இந்த நூற்றாண்டில் ஒரு முறையும் கண்டிருக்கின்றன. முதலாவது 1918ஆம் ஆண்டின் விஷக் காய்ச்சல். இரண்டாவது 2020இல் தொடங்கிய கோவிட்-19.

இரண்டையும் எண்ணிக்கையில் வைத்துப் பார்த்தால் முன்னதன் கொடுமை விளங்கும். 1918இல் பிரிட்டிஷ் மலாயாவில் விஷக் காய்ச்சலுக்குப் பலியானோர் ஏறக்குறைய 35,000 பேர் என்று வரலாற்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அன்றைய மக்கள் தொகை சுமார் 33 இலட்சம். அதாவது நூற்றுக்கு ஒருவர் மாண்டார். கோவிட் நோயில் மலேசியாவில் இறந்தவர்கள் 37,000க்கும் மேல். ஆனால் மக்கள் தொகை பத்து மடங்காகப் பெருகிவிட்டது. 1918இன் சாவுகளில் பெரும்பகுதி சில வாரங்களுக்குள் நடந்து முடிந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

காட்டை வெட்டினார்கள், காய்ச்சல் வந்தது

1909ஆம் ஆண்டு வரை கெடா சயாமின் மேலாதிக்கத்தில் இருந்தது. அவ்வாண்டு பேங்காக்கில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி அது பிரிட்டிஷாரின் கைக்கு வந்தது. அதை ஒட்டிய ஆண்டுகளில் தென் கெடாவில் ரப்பர் தோட்டங்கள் மளமளவென்று பெருகின. கூலிம், லூனாஸ், பாடாங் செராய், சுங்கைப் பட்டாணி, பீடோங், கோலக்கெட்டில் என்று வரிசையாகக் காடுகள் அழிந்து கித்தாக் காடுகள் எழுந்தன. குனோங் ஜெராய் மலையடிவாரம் வரை மரங்கள் நடப்பட்டன.

அந்த மரங்களை நட்டவர்கள் நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் இறங்கிய தமிழர்கள். தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆற்காடு என்று பல மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள். பினாங்குக் கரையை மிதிப்பதற்கு முன்பே அவர்கள் பூலாவ் ஜெரெஜாக் தீவில் தடுத்து வைக்கப்பட்டார்கள். வாந்திபேதியோ வைசூரியோ கப்பலோடு வந்துவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு அது. ஆனால் தோட்டத்திலேயே காத்துக்கொண்டிருந்த நோயை அந்தத் தீவால் தடுக்க முடியவில்லை.

மலேரியா கொசுவால் பரவுகிறது என்பதை ரொனால்ட் ரோஸ் 1897இல் இந்தியாவில் கண்டுபிடித்தார். மலாயாவில் அந்த உண்மையைக் கையில் எடுத்துக்கொண்டு போராடியவர் கிள்ளானில் பணியாற்றிய டாக்டர் மால்கம் வாட்சன். அவர் கண்ட ஒரு விஷயம் கெடாவின் மலையடிவாரத் தோட்டங்களுக்கும் பொருந்தும். நிழல் சூழ்ந்த காட்டு ஓடையில் மலேரியாவைப் பரப்பும் கொசு அதிகம் பெருகுவதில்லை. காட்டை வெட்டி, ஓடையின் மேல் வெயில் விழத் தொடங்கியதும், தெளிந்த நீரில் முட்டையிடும் மாக்குலேட்டஸ் என்னும் கொசு இனம் பெருகிவிடுகிறது. அந்த ஓடைக்கு அருகில்தான் லயங்களும் கட்டப்பட்டன. தண்ணீர் வசதிக்காகக் கட்டிய இடமே சாவுக்கு வாசலானது.

1910ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் மலாயாவின் சில தோட்டங்களில் ஓராண்டில் ஆயிரம் தொழிலாளர்களில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஐந்தில் ஒருவர்! கங்காணி ஊரிலிருந்து அழைத்து வந்த கூட்டத்தில் இத்தனை பேர் அடுத்த தீபாவளியைக் காணவில்லை என்றால் லயத்தில் மிஞ்சியவர்களின் மனநிலை எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பின்னர் மண்ணுக்கடியில் குழாய் பதித்து ஓடை நீரை வடித்ததும், தேங்கிய நீரில் எண்ணெய் தெளித்ததும், காலையில் பெரட்டுக்களத்தில் கொய்னா கொடுத்ததும் இறப்பைப் படிப்படியாகக் குறைத்தன.

லயத்தில் இருந்த தெய்வங்கள்

தோட்டத்துத் தமிழர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். அவர்கள் முதலில் எழுப்பியது மாரியம்மன் கோயில். அம்மை நோயும் காய்ச்சலும் அவளுடைய பொறுப்பு. கிறிஸ்தவக் குடும்பங்கள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் அவர்களும் தங்கள் ஊரிலிருந்து நோய்க்கான காவலர்களைக் கொண்டே வந்தார்கள். வேளாங்கண்ணி மாதாவுக்குத் தமிழில் வழங்கும் பெயரே ஆரோக்கிய மாதா. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்களுக்கு அந்தத் திருத்தலம் கூப்பிடு தூரம்தான். ஐரோப்பாவில் பிளேக் நோய்க்குக் காவலராக வணங்கப்பட்ட புனித ரோக் தமிழ்நாட்டில் ஆரோக்கியநாதர் ஆனார். அம்பு தைத்த உடலோடு நிற்கும் செபஸ்தியாரும் கொள்ளை நோய்க்கு எதிரான காவலரே. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் குடும்பமும் செபஸ்தியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றும் குடும்பமும் ஒரே லயத்தில் ஒரே அச்சத்தோடு வாழ்ந்தன.

தோட்டத்துக்குப் பாதிரியார் எப்போதாவதுதான் வருவார். பினாங்கிலிருந்தோ, கெடா எல்லைக்கு அருகே புக்கிட் மெர்தாஜாமில் உள்ள புனித அன்னம்மாள் ஆலயத்திலிருந்தோ வர வேண்டும். சீனக் கத்தோலிக்கர்களும் தமிழ்க் கத்தோலிக்கர்களும் சேர்ந்து வளர்த்த ஆலயம் அது. பாதிரியார் வராத நாட்களில் செபம் சொல்லிக் கொடுத்தவர், சாகக் கிடந்தவரின் பக்கத்தில் உட்கார்ந்தவர், பிணத்தைப் புதைக்க நான்கு பேரைத் திரட்டியவர் உபதேசியார். எழுத்தறிவு உள்ளவரானால் ஊருக்கு மரணச் செய்தியை எழுதுவதும் அவர் வேலையாகிவிடும். அவரும் தொழிலாளர்களில் ஒருவர்தான். காய்ச்சல் அவரையும் விட்டுவைக்கவில்லை.

நோய் விட்டுச்சென்ற இன்னொரு பெருஞ்சுமை, பெற்றோரை இழந்த பிள்ளைகள். உறவினர் ஊரில் இருப்பார்கள். இங்கே யாரும் இல்லை. 1852இல் பினாங்குக்கு வந்த குழந்தை இயேசு சபையின் அருட்சகோதரிகள் பள்ளியோடு சேர்த்து அநாதை இல்லத்தையும் நடத்தினார்கள். இனம் பார்க்காமல் பிள்ளைகளை ஏற்றார்கள். அந்தச் சபையின் பணி பிறகு கெடாவிலும் பரவியது. சுங்கைப் பட்டாணியின் கான்வென்ட் பள்ளி இன்றும் அச்சபையை நிறுவிய ஃபாதர் பாரேயின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒரு கொள்ளை நோய் முடிந்துவிட்டதாக அரசாங்கம் அறிவித்த பிறகும் அதன் விளைவு பதினைந்து, இருபது ஆண்டுகள் நீடிக்கும். அந்த நீண்ட காலப் பொறுப்பைத்தான் அநாதை இல்லங்கள் சுமந்தன.

கஞ்சி வைக்க ஆளில்லாத அக்டோபர்

1918ஆம் ஆண்டு அக்டோபரில் விஷக் காய்ச்சல் மலாயாவை உலுக்கியது. முதல் உலகப் போர் முடியும் தறுவாய். துறைமுகங்கள் வழியாக நுழைந்த நோய் இரயில் பாதை வழியாக உள்ளே பரவியது. கெடாவுக்கு அந்தப் பாதை அப்போது புதியது. 1915இல் இரயில் அலோர்ஸ்டாரை எட்டியது. 1918இல்தான் பாடாங் பெசாரில் சயாம் பாதையோடு இணைந்தது.

மலேரியா ஆண்டு முழுவதும் ஒவ்வொருவராகக் கொண்டுபோன நோய். விஷக் காய்ச்சலோ ஒரே நாளில் லயம் முழுவதையும் படுக்க வைத்தது. அதிலும் வேலை செய்யும் வயதில் இருந்த இருபது, முப்பது வயதினரையே அதிகமாகக் கொன்றது. அடுப்பு மூட்ட ஆளில்லை, தண்ணீர் இறைக்க ஆளில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி நிரம்பி வழிந்தது. டிரசரும் படுத்துவிட்டால் மருந்து கொடுக்கவும் ஆளில்லை.

மருந்து இருந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. விஷக் காய்ச்சலைத் தொடர்ந்து வரும் நிமோனியாவை எதிர்க்கும் பென்சிலின் கண்டுபிடிக்கப்பட்டதே 1928இல்தான். அன்று உயிரைக் காத்தது ஒன்றே ஒன்று: பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வது. தண்ணீர் கொடுப்பது, கஞ்சி ஊட்டுவது, போர்த்திவிடுவது, எச்சிலையும் மலத்தையும் துடைப்பது. இதைச் செய்ய ஒருவர் இருந்த வீட்டில் பிழைத்தவர்கள் அதிகம்; இல்லாத வீட்டில் தாகத்தாலும் பசியாலும் செத்தவர்களும் உண்டு.

இந்த உண்மை கிறிஸ்தவ வரலாற்றில் மிகப் பழையது. கி.பி. 250களில் ரோமப் பேரரசைக் கொள்ளை நோய் தாக்கியபோது கார்த்தேஜ் நகரின் ஆயர் சிப்ரியான், நோயாளிகளை விட்டு ஓட வேண்டாம், தங்களைத் துன்புறுத்தியவர்களையும் சேர்த்துக் கவனியுங்கள் என்று தம் மக்களை ஏவினார். அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனிசியுஸ், நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தே இறந்துபோன கிறிஸ்தவர்களைப் பற்றிக் கடிதம் எழுதி வைத்திருக்கிறார். தண்ணீரும் உணவும் கொடுத்துக் கவனித்ததாலேயே கிறிஸ்தவர்களிடையே பிழைத்தவர்கள் அதிகமாக இருந்திருக்க வேண்டும், அந்தத் திருச்சபை வளர அதுவும் ஒரு காரணம் என்று ரோட்னி ஸ்டார்க் என்னும் சமூகவியல் அறிஞர் 1996இல் வாதிட்டார்.

ஆனால் நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. அதே 1918இல் ஸ்பெயின் நாட்டின் ஸமோரா நகரில் சுகாதார அதிகாரிகள் கூட்டம் கூடாதீர்கள் என்று எச்சரித்தார்கள். அந்நகரின் ஆயர் அதைப் பொருட்படுத்தாமல் புனித ரோக் பெயரில் ஒன்பது நாள் பொதுச் செபத்துக்கு மக்களை அழைத்தார். மக்கள் திரண்டு வந்தார்கள்; வரிசையில் நின்று திருப்பண்டத்தை முத்தமிட்டார்கள். ஸ்பெயினிலேயே இறப்பு விகிதம் மிக அதிகமாக இருந்த நகரங்களில் ஒன்றாக ஸமோரா ஆனது. பக்தி குறைவினால் அல்ல, பக்தியைக் காட்டிய விதத்தினால் வந்த விளைவு அது. நோயாளியின் வீட்டுக்குள் சென்றவர்களும், நோயாளிகளை ஆலயத்துக்குள் வரவழைத்தவரும் ஒரே நம்பிக்கையைத்தான் கொண்டிருந்தார்கள். முன்னவர்கள் உயிரைக் காத்தார்கள். பின்னவர் அறியாமல் உயிரைப் பறித்தார்.

மானிப்பாயிலிருந்து கெடாவுக்கு

தோட்டத்து டிரசர் என்பவர் எங்கிருந்து வந்தார்? இந்தக் கேள்விக்குப் பின்னால் தமிழர்கள் பெருமைப்பட வேண்டிய ஒரு வரலாறு இருக்கிறது.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஜான் ஸ்கடர் 1820இல் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். அதே மிஷனில் 1847இல் வந்து சேர்ந்தவர் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். வாந்திபேதி பலமுறை யாழ்ப்பாணத்தைச் சூறையாடிய காலம் அது. மானிப்பாயில் தங்கிய கிறீன், தாம் ஒருவர் எத்தனை பேரைப் பார்க்க முடியும் என்று யோசித்தார். உள்ளூர் இளைஞர்களுக்கே மேலை மருத்துவத்தைக் கற்பிக்கத் தொடங்கினார். அதோடு நிற்கவில்லை. 1860களில் அந்த மருத்துவக் கல்வியைத் தமிழிலேயே நடத்தினார். உடற்கூறு, அறுவை மருத்துவம், பிரசவ மருத்துவம், வேதியியல் என்று பெரிய பெரிய நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். 'அங்காதிபாதம்', 'இரண வைத்தியம்', 'கெமிஸ்தம்' என்ற பெயர்களே அந்த உழைப்பைச் சொல்லும். 1873இல் அவர் நாடு திரும்பினார். தமிழில் மருத்துவம் கற்பிக்க முடியுமா என்று இன்றும் கேட்பவர்கள், முடிந்து 150 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது என்பதை அறிய வேண்டும்.

யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் படித்தவர்கள்தாம் பின்னர் மலாயாவுக்குக் குமாஸ்தாக்களாக, இரயில்வே ஊழியர்களாக, ஆஸ்பத்திரி உதவியாளர்களாகத் திரளாக வந்தார்கள். இந்துக்களும் வந்தார்கள், கிறிஸ்தவர்களும் வந்தார்கள். தொழிலாளியின் நாடியைப் பிடித்த கைக்குப் பின்னால் எங்கோ ஒரு மிஷன் பள்ளியின் கரும்பலகை இருந்தது.

ஜான் ஸ்கடரின் பேத்திதான் டாக்டர் ஐடா ஸ்கடர். மருத்துவப் பட்டம் பெற்று 1900இல் தமிழ்நாடு திரும்பி, வேலூரில் மருத்துவமனை கண்டவர். பெண்களுக்கான அவருடைய மருத்துவப் பள்ளி தொடங்கிய ஆண்டு 1918. இந்தியாவில் விஷக் காய்ச்சல் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்ற அதே ஆண்டு. கொள்ளை நோய்க்குத் திருச்சபை தந்த பதில்களில் நிலைத்து நின்றது கற்றுக்கொடுத்த மருத்துவம்தான் என்பதற்கு வேலூரும் மானிப்பாயும் சாட்சி.

துணைக்கு ஒருவரும் இல்லாதபோது

திருச்சபையோ வேறு எந்த அமைப்போ துணை நிற்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் கெடாத் தோட்டங்களிடம் ஒரு சாட்சியம் இருக்கிறது. அது 1943ஆம் ஆண்டு.

ஜப்பானியர் காலத்தில் சயாம்-பர்மா இரயில் பாதை போடுவதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். கெடாத் தோட்டங்களும் ஆட்களை இழந்தன. 415 கிலோமீட்டர் நீளப் பாதை. 1943 மழைக்காலத்தில் முகாம்களில் வாந்திபேதி பரவியது. அங்கே வேலை செய்த போர்க் கைதிகளும் நோயில் மாண்டார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்களிடம் அதிகாரிகள் இருந்தார்கள், இராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், சில முகாம்களில் பாதிரியார்களும் இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, கழிப்பிடத்தைத் தள்ளி வெட்டு, ஈ மொய்க்காமல் மூடு என்று சொல்லவும், சொன்னதை நடத்தவும் ஒரு கட்டுக்கோப்பு இருந்தது. இறந்தவனின் பெயரை எழுதி வைக்கவும் ஒருவன் இருந்தான்.

தமிழர் முகாம்களில் இவற்றில் ஒன்றும் இல்லை. குடும்பத்திலிருந்து பிரித்து, தோட்டத்திலிருந்து பிரித்து, கோயிலிலிருந்தும் தேவாலயத்திலிருந்தும் பிரித்துக் கொண்டுபோன தனி மனிதர்களின் கூட்டம் அது. ஆசியத் தொழிலாளர்களில் 90,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு சொல்கிறது. போர்க் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. தமிழர்களில் பெரும்பாலோருக்குக் கல்லறையும் இல்லை, பெயரும் இல்லை. கொள்ளை நோயில் மனிதனைக் கொல்வது கிருமி மட்டுமல்ல. அவனை யாருக்கும் சொந்தமில்லாதவனாக ஆக்கிவிடும் தனிமையும் கொல்கிறது.

2020: சாத்திய கதவுகள்

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. கோயில், மசூதி, தேவாலயம், குருத்வாரா எல்லாம் மூடப்பட்டன. பெரிய வெள்ளியும் உயிர்ப்புப் பெருவிழாவும் ஆளில்லாத ஆலயங்களில் நடந்தன. கெடாவிலிருந்து ஆண்டுதோறும் ஜூலையில் மக்கள் திரளும் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவும் பெருந்திரள் இன்றியே கழிந்தது. 1918இன் ஸமோராவோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். இம்முறை திருச்சபைத் தலைவர்கள் பெரும்பாலோர் மருத்துவர்களின் பேச்சைக் கேட்டார்கள். எல்லா நாடுகளிலும், எல்லாச் சமயக் கூட்டங்களிலும் அப்படி நடந்ததாகச் சொல்ல முடியாது. தென்கொரியாவின் டேகு நகரில் ஒரு சபையின் கூட்டங்கள் வழியாக நோய் பரவியது. சரவாக்கின் கூச்சிங்கில் ஒரு தேவாலய மாநாட்டோடு தொடர்புடைய தொற்றும் பதிவானது. ஆகவே கதவைச் சாத்தியது கோழைத்தனம் அல்ல, கடமை.

ஆனால் இணையம் வழியாகத் திருப்பலி காட்டுவது எல்லாருக்கும் எட்டவில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு கெடாத் தமிழர்களில் பலர் சுங்கைப் பட்டாணி, கூலிம், பாடாங் செராய் வட்டாரங்களின் மலிவு விலை வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். தினக்கூலிக்குத் தொழிற்சாலைக்கும் உணவகத்துக்கும் செல்பவர்கள். ஆணை வந்த அன்றே வருமானம் நின்றது. ஒரே ஒரு கைப்பேசி உள்ள வீட்டில் பிள்ளைகளின் இணையப் பாடமா, பாட்டியின் செபமா என்ற நிலை.

2020 முடிவில் நாட்டில் கோவிட் மரணம் 500க்கும் குறைவாகவே இருந்தது. 2021 முடிவில் அது 31,000ஐத் தாண்டியது. 2021 ஜூனில் முழு முடக்கம் வந்தது. மாதக் கடைசியில், உணவில்லாத வீடுகள் வெள்ளைக் கொடி கட்டுங்கள் என்ற அழைப்பு சமூக ஊடகங்களில் பரவியது. ஆகஸ்டில் சுங்கைப் பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனை நோயாளிகளால் நிரம்பித் திணறியது.

கெடா, பினாங்கு மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. அதன் பங்குகளும், சமூகப் பணிக்கான கரித்தாஸ் அமைப்பும், பங்குகளில் இயங்கும் வின்சென்ட் தே பவுல் சபையும் உணவுப் பொருள் வழங்கும் பணியில் இறங்கின. மெதடிஸ்ட், லுத்தரன், ஆங்கிலிக்கன் சபைகளும் சுயேச்சைச் சபைகளும் தங்களால் இயன்றதைச் செய்தன. கோயில்களும் மசூதிகளும் குருத்வாராக்களும் அதையே செய்தன. யார் அதிகம் செய்தார்கள் என்ற கணக்கு இங்கே தேவையில்லை.

வின்சென்ட் தே பவுல் சபையின் பிறப்பே ஒரு கொள்ளை நோயோடு தொடர்புடையது என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். 1832இல் பாரிஸ் நகரை வாந்திபேதி சூறையாடியது. அடுத்த ஆண்டு ஃபிரடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் நண்பர்களும் அந்தச் சபையைத் தொடங்கினார்கள். வாந்திபேதிக் காலத்தில் ஏழைகளுக்குப் பணிவிடை செய்த ரோசலி ரெந்து என்னும் அருட்சகோதரிதான் அவர்களுக்கு வழிகாட்டி. அவர் கற்றுக்கொடுத்த முறை எளிமையானது: ஏழையை வரிசையில் நிற்க வைக்காதே; நீ அவன் வீட்டுக்குப் போ. வெள்ளைக் கொடி பறந்த நாட்களில் இந்த முறையின் அருமை புரிந்தது. கொடி கட்டக் கூச்சப்பட்ட குடும்பங்கள் நிறைய. எந்த வீட்டில் தகப்பனுக்கு வேலை போயிற்று, எந்த வீட்டில் கிழவி தனியாக இருக்கிறாள் என்பது முன்பே தெரிந்திருந்தால் கொடிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

அடக்கம் என்னும் காயம்

அரிசியையும் பால்மாவையும் விடக் கடினமான ஒன்று இறுதிச் சடங்கு. கோவிட்டில் இறந்தவரின் முகத்தைப் பல குடும்பங்கள் சரியாகப் பார்க்க முடியவில்லை. விரல் விட்டு எண்ணக்கூடியவர்களே அடக்கத்துக்கு அனுமதிக்கப்பட்டார்கள். தமிழர் மரபில் துக்க வீடு என்பது ஊரே கூடும் வீடு. அது வெறிச்சோடிக் கிடந்தது.

இதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு பாடம் உண்டு. 2014 முதல் 2016 வரை கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் எபோலா நோய் 11,300க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில் புனித சூசையப்பர் கத்தோலிக்க மருத்துவமனையின் இயக்குநர் உட்படப் பலர் நோயாளிகளைக் கவனித்தே உயிரிழந்தார்கள். பிணத்தைக் குளிப்பாட்டித் தொட்டு அழும் வழக்கத்தினால் அந்த நோய் வேகமாகப் பரவியது. அரசாங்கக் குழுக்கள் பிணத்தைப் பையில் போட்டு அள்ளிச் சென்றதும் மக்கள் இறந்தவர்களை ஒளித்து வைத்து இரவில் புதைத்தார்கள். நோய் இன்னும் பரவியது. அதன் பிறகுதான் உலகச் சுகாதார நிறுவனம் கிறிஸ்தவ, முஸ்லிம் அமைப்புகளோடு உட்கார்ந்து பேசி, 2014 நவம்பரில் பாதுகாப்பான, கண்ணியமான அடக்கத்துக்கான முறையை வெளியிட்டது. தொடாமல் செபிக்கலாம், குடும்பம் தள்ளி நின்று பார்க்கலாம், பாதிரியாரோ இமாமோ உடனிருக்கலாம், கல்லறையில் பெயர் எழுதலாம். மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். மருத்துவர் சொல்லிக் கேட்காததைச் சமயத் தலைவரும் சேர்ந்து சொன்னபோது கேட்டார்கள்.

பெயரை எழுதி வைத்தவர்கள்

இந்த வரலாறுகளை அடுக்கி வைத்துப் பார்த்தால் திருச்சபையின் துணை என்பது என்ன என்று ஓரளவு தெளிவாகிறது. கூட்டம் கூட்டக் கூடாத நேரத்தில் கூட்டாமல் இருப்பது முதல் துணை. நோயாளியின் வீட்டுக்குத் தண்ணீரும் கஞ்சியும் போய்ச் சேரச் செய்வது இரண்டாவது. மருத்துவ அறிவை மக்களின் மொழியில் சொல்வது மூன்றாவது. அநாதையாகும் பிள்ளையை வளர்த்து ஆளாக்குவது நான்காவது. ஐந்தாவது ஒன்று உண்டு. அது சிறிய காரியம்போல் தோன்றும்.

தோட்டத்துச் செக்ரோலில் தொழிலாளியின் பெயர் வேலை செய்யும் வரைதான் இருக்கும். செத்தால் அடுத்த மாதம் இருக்காது. ஆனால் கத்தோலிக்கப் பங்குகளில் ஞானஸ்நானத்துக்கு ஒரு பதிவேடும், திருமணத்துக்கு ஒன்றும், மரணத்துக்கு ஒன்றும் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. பெயர், வயது, நாள், பெற்றோர் பெயர் என்று ஒரு வரி. துரைக்கு வெறும் கூலியாக இருந்தவன், அந்த ஏட்டில் இன்னாருடைய மகனாக எழுதப்பட்டான். 1943இல் காட்டில் மாண்டவர்களுக்குக் கிடைக்காதது இந்த ஒரு வரிதான்.

பழைய தோட்டத்து இடுகாடுகள் செம்பனையாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறிவருகின்றன. மரச்சிலுவைகள் மக்கிப் போய் நெடுங்காலமாயிற்று. கோயில்களின் கணக்குப் புத்தகங்களும், தமிழ்ப்பள்ளிகளின் பழைய வருகைப் பதிவேடுகளும், ஆலயங்களின் மரணப் பதிவேடுகளும் கரையானுக்கு இரையாவதற்கு முன் படியெடுத்துக் காக்கப்பட வேண்டும். கெடாவின் தமிழ் அமைப்புகள் சமய வேறுபாடு பார்க்காமல் சேர்ந்து செய்யக்கூடிய பணி இது.

இன்னொரு பணியும் உண்டு. அதற்குப் பணம் தேவையில்லை. ஒவ்வொரு ஆலயமும், ஒவ்வொரு கோயிலும் தன் வட்டாரத்தில் தனியாக வாழும் முதியவர்கள் யார், மருந்தை நம்பி வாழ்பவர்கள் யார், கைப்பேசி இல்லாத வீடு எது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம். அடுத்த கொள்ளை நோய் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அது வரும் நாளில் கதவைச் சாத்த வேண்டிவரும். அன்று யார் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்பது அந்த நோட்டுப் புத்தகத்தில் இருக்க வேண்டும்.